பக்கத்து மேசைக்கு எதற்குப் பதிவுத் தபால்?

போன மாதம் என் மனைவியின் மருத்துவச் செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனை பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார் எல்லாமே என் செல்போனில் படமாக இருந்தன. அச்செடுப்பதற்காக வீதி முனையில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைச் சுவரில் ஒரு போன் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க சார்" என்றான் கடைப் பையன்.

பண்ணினேன். அவன் கம்ப்யூட்டரில் திறந்து அச்சடித்துக் கொடுத்தான். காசைக் கொடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில் அங்கேயே நின்று பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு தாள் அதிகமாக இருந்தது. ஒன்று யாரோ ஒருவருடைய பாஸ்புக் பக்கம். இன்னொன்று ஒரு பெண்மணியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. பையனிடம் திருப்பிக் கொடுத்தேன். "சாரி சார், முன்னாடி வந்தவங்களோடது" என்று சொல்லி, கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டான்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. "அப்படின்னா என்னோட ஸ்கேன் ரிப்போர்ட் யார் கையிலே போயிருக்கோ?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

என்னை உறுத்தியது இன்னொரு விஷயமும்தான். அந்தக் கடையில் என் போனுக்கும் அவன் கம்ப்யூட்டருக்கும் நடுவே இரண்டு முழ தூரம்கூட இல்லை. அந்த இரண்டு முழத்தைக் கடக்க என் மனைவியின் ரிப்போர்ட் இணையத்தில் ஏறி, எந்த ஊரிலோ இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, கடைக்காரருடைய போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு பிரதியாகக் குடியேறியது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்பது உடனே விளங்கும். வெளியூருக்குப் போகும் கடிதம் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போகும். எண் போடுவார்கள், உறையில் இடுவார்கள், தபால்தலை ஒட்டுவார்கள். அதே கட்டிடத்தில் அடுத்த பிரிவுக்குப் போகவேண்டிய ஃபைலுக்குப் பியூன் புக் போதும். பியூன் நேரே கொண்டுபோய்க் கொடுப்பார், வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போடுவார், முடிந்தது. பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய ஃபைலை ஒருவர் பதிவுத் தபாலில் அனுப்பினால் அவரை நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? ஆனால் இன்று நாம் எல்லோரும் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் போகும் செய்தி வழியில் பூட்டித்தான் போகிறது. 2016 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது. வழியில் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்பது என் புகார் அல்ல. போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை பிரதி தங்குகிறது, அதை யார் அழிப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

அன்று இரவு என் வீட்டு நிலவரத்தையும் பார்த்தேன். போனில் எடுக்கும் படத்தை லேப்டாப்புக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்த ஒரே வழி, எனக்கு நானே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வதுதான். பழைய அஞ்சல்களைத் தேடினேன். எனக்கு நானே அனுப்பிய கடிதங்கள் வரிசையாக வந்தன. ஆதார் நான்கு முறை, பான் அட்டை மூன்று முறை, ஓய்வூதிய ஆணை, பாஸ்புக், வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கம். அனுப்பிய பெட்டியில் ஒன்று, வந்த பெட்டியில் ஒன்று. யாராவது ஒரு மோசடிக்காரன் என் கடவுச்சொல்லை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். என் வாழ்நாள் ஆவணங்களை நானே அழகாக அடுக்கி வைத்துக் கொடுத்திருக்கிறேன். இருக்கும் ஒரே வருமானம் ஓய்வூதியம் என்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பக்கத்தில் இருக்கும் கருவிக்குப் பக்கத்து வழியிலேயே அனுப்ப வேண்டும். அந்த வழி நம் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடாமல் நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த வழிகளில் மூத்தது ப்ளூடூத். நம்மில் பலர் காதில் மாட்டும் கருவிக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்வீடனில் லுண்ட் என்ற ஊரில் எரிக்சன் நிறுவனம் 1994ல் தொடங்கிய வேலை அது. போனையும் கம்ப்யூட்டரையும் கம்பியில்லாமல் சேர்ப்பது நோக்கம். 1998ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசனின் பட்டப்பெயர் 'நீலப்பல்'. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவன் என்பதால் அவன் பெயரை வைத்தார்கள். கம்ப்யூட்டரின் ஓரத்தில் தெரியும் அந்தக் கோணல் 'பி' எழுத்து, அவன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய வடநாட்டு லிபியில் ஒன்றாகச் சேர்த்து எழுதியது.

வேலை செய்யும் விதமும் ஒன்றும் மாயமில்லை. பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறை வீடுகளில் ரேடியோவை 'தே.எஸ்.எஃப்.' என்பார்கள். கம்பியில்லாத் தந்தி என்பதன் சுருக்கம் அது. ப்ளூடூத்தும் ஒரு குட்டி ரேடியோதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்கள் வைத்துக்கொண்டு, வினாடிக்கு 1600 முறை தடம் மாறிப் பேசுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்ததில் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காக. சாதாரணக் கருவிகளில் பத்து மீட்டர் சுற்றளவுக்குள்தான் எட்டும். இந்தக் குறைந்த தூரத்தைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் நிறைவாகப் படுகிறது. வீட்டுக்குள் பேசும் பேச்சு தெருமுனை வரை கேட்காமல் இருப்பது நல்லதுதானே.

கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். பேத்தி வழக்கம்போல், "குடுங்க தாத்தா, நான் அனுப்பித் தரேன்" என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. அவள் செய்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். அடுத்த தடவையும் அவள் வரும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்க எனக்குத் தோல்விதான். போனிலிருந்து அனுப்பினால் போகவே இல்லை. பிறகு விளங்கியது, தப்பு என் பக்கம்தான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் யார் எதை அனுப்பினாலும் தானாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. திரையின் கீழ் ஓரத்தில் உள்ள ப்ளூடூத் சின்னத்தை வலது பொத்தானால் சொடுக்கினால் 'ரிசீவ் எ ஃபைல்' என்று ஒரு வரி வரும். அதை முதலில் அழுத்திக் கம்ப்யூட்டரைக் காத்திருக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் போனில் படத்தைத் தேர்ந்தெடுத்து, 'ஷேர்' அழுத்தி, ப்ளூடூத் வழியே அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்ததும் எங்கே வைக்கட்டும் என்று அது கேட்கும்; நாம் 'ஃபினிஷ்' கொடுக்க வேண்டும். இதுதான் பியூன் புக். வாங்குகிறவர் மேசையில் ஆள் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். இதைத் தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு இது பாதுகாப்பாகத் தெரிகிறது.

இதற்கெல்லாம் முன்னால், முதல் தடவை மட்டும், இரண்டு கருவிகளையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பருக்குக் கற்றுக்கொடுக்கும்போது இந்த இடத்தில்தான் தகராறு வந்தது. எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் 'கேன்சல்' அழுத்திவிட்டார்.

"ஆறு நம்பரை யார்கிட்டேயும் சொல்லாதேன்னு பேங்க்காரன் தினமும் மெசேஜ் அனுப்பறான். நீ என்னடான்னா அதை அழுத்துங்கறே!"

அவர் பயம் நியாயமானது. ஆனால் இது ஓடிபி இல்லை. ஓடிபி நமக்கு மட்டும் வருவது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லும் வேலையே கிடையாது. இரண்டு திரையிலும் ஒரே எண்தானா என்று கண்ணால் பார்த்து ஒப்பிட்டு 'ஆம்' என்று அழுத்தினால் போதும். நடுவில் வேறு எவனும் நுழையவில்லை என்பதற்குத்தான் அந்தச் சரிபார்ப்பு. போனில் யாராவது கூப்பிட்டு "உங்க திரையிலே வர்ற ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்றால் அவன் திருடன். மேசையில் அருகருகே இருக்கும் நம் இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டினால் அது அறிமுகம். இந்த வித்தியாசத்தைச் சொன்ன பிறகு நண்பர் அழுத்தினார். இப்போது என்னைவிட வேகமாக அனுப்புகிறார்.

வேகம் என்றதும் ப்ளூடூத்தின் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். கோப்பு அனுப்புவதில் அது மாட்டு வண்டி. நல்ல நிலையில் வினாடிக்குக் கால் மெகாபைட் போகும். நான்கு மெகாபைட் படம் ஒன்றுக்கு 16 வினாடி ஆகும். ஆவணங்களுக்கு இது தாராளம். ஆனால் 200 மெகாபைட் கல்யாண வீடியோவுக்கு 13 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்காகத்தான் புதிய மென்பொருள்கள் வந்தன. இவற்றில் பல, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ப்ளூடூத்தால் தேடிக் கண்டுபிடித்து, சுமையை வைஃபை வழியே அனுப்புகின்றன. ஆப்பிள் கருவிகளில் ஏர்டிராப் 2011ல் வந்தது. விண்டோஸ் 10ல் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி 2018ல் வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் வசதி 2020ல் வந்தது. இப்போது அதற்கு க்விக் ஷேர் என்று பெயர், விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அதை நிறுவிக்கொள்ளலாம். லோக்கல்சென்ட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இணையத் தொடர்புகூட வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது அதுதான்.

முன்பு எல்லோர் போனிலும் ஷேர்இட், ஜெண்டர் என்ற செயலிகள் இருந்தது நினைவிருக்கும். 2020 ஜூன் 29 அன்று நம் அரசு தடை செய்த 59 செயலிகளில் அவை இரண்டும் இருந்தன. அவற்றுக்குப் பிறகு பக்கத்து வழியையே மறந்துவிட்டு எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டோம் என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை, நிறுவனங்கள் கட்டிவைத்த மதில்கள். ப்ளூடூத்தை ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பொதுவில் வைத்தன. யார் செய்த கருவியும் யார் செய்த கருவியுடனும் பேசலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் வேகமான வழிகள் வந்தபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் வீட்டுக்குள் மட்டும் கதவு வைத்தது. ஏர்டிராப் ஆப்பிளோடு ஆப்பிள் மட்டும். க்விக் ஷேர் ஆண்ட்ராய்டு பக்கம். ஒரே சாப்பாட்டு மேசையில் அப்பா ஒரு போன், மகள் ஒரு போன் வைத்துக்கொண்டு படம் அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 போன்களிலிருந்து ஏர்டிராப்புக்கு அனுப்ப வழி செய்தது. மதிலில் ஒரு திட்டிவாசல் திறந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் இது ஒரு நிறுவனம் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. பியூன் புக் கல்வித் துறையிலும் ஒன்றுதான், பொதுப்பணித் துறையிலும் ஒன்றுதான். பக்கத்துக் கருவியோடு பேசுவதற்கும் ஒரே முறை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி கேட்பவர்களையும் சந்தித்தேன். "ப்ளூடூத்தில் அனுப்பினால் மட்டும் கடைக்காரனிடம் பிரதி தங்காதா?" என்றார் கருவூல நண்பர். தங்கும். ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டரில், ஒரே ஒரு கோப்புறையில், என் கண் முன்னால் தங்கும். "தம்பி, இதை அழிச்சிடு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடு" என்று அங்கேயே நின்று சொல்லலாம். என் போன் நம்பர் அவனிடம் போகாது. யாருடைய பேக்கப்பிலும் போய் உட்காராது. எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்குக் குறைகிறது என்கிறேன்.

"பக்கத்து வழி திறந்திருந்தால் பக்கத்துத் திருடனும் வருவானே?" என்று இன்னொருவர் கேட்டார். இதுவும் சரியான கேள்விதான். 2017ல் 'ப்ளூபோர்ன்' என்ற பெயரில் சில ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அறிமுகம் செய்யாத கருவிக்குள்ளேயே ப்ளூடூத் வழியே நுழைய முடிந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் அப்டேட் செய்தவர்களுக்குத்தான் அவை பயன்படும். அதனால் நான் மூன்று பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்டேட் வந்தால் தள்ளிப்போடுவதில்லை. என்னை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'எல்லோரும்' என்பதை நிரந்தரமாக வைப்பதில்லை. பேருந்து நிலையத்திலோ மருத்துவமனையிலோ முகம் தெரியாத பெயரிலிருந்து ஏதாவது வந்து 'ஏற்கலாமா' என்று கேட்டால், என்ன என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு 'வேண்டாம்' என்று அழுத்திவிடுகிறேன். ஐபோனில் 'எல்லோரும்' என்று வைத்தால் பத்து நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும்படி 2022ல் மாற்றினார்கள். கதவைத் தாழிட மறக்கும் வயதில் இருக்கும் நமக்கு அது நல்ல ஏற்பாடு.

மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மறுநாள் காலையே அந்தக் கடைக்குப் போனேன். எங்கள் ஆவணங்களை அழிக்கச் சொன்னேன். பையன் மறுக்கவில்லை, பொறுமையாகத் தேடினான். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். யார் யாருடையவோ ஆதார், மதிப்பெண் பட்டியல், பத்திரம், ஜாதகம். முகங்கள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எங்களுடையதைக் கண்டுபிடித்து அழித்தான். கடைப் போனிலும் அழித்தான். அன்று கூடுதலாக வந்த இரண்டு தாள்களைப் போல எங்களுடையது யாருடைய கட்டிலாவது சேர்ந்து போனதா என்பதற்கு மட்டும் அவனிடமும் பதில் இல்லை.

கடை முதலாளி அப்போது உள்ளே இருந்தார். அவரிடம் சொன்னேன். இந்தக் கம்ப்யூட்டரில் ப்ளூடூத் இல்லையென்றால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி கருவி விற்கிறது, சில நூறு ரூபாய்தான்; வாங்கிச் செருகிவிட்டு, சுவரில் போன் நம்பருக்குக் கீழே 'ப்ளூடூத்திலும் அனுப்பலாம்' என்று ஒரு வரி எழுதிவையுங்கள்; இரவு கடை மூடும்போது அன்றைய கோப்புகளை அழித்துவிடுங்கள். "பார்க்கலாம் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நேற்றுவரை அந்த வரி வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுப்பது சந்தோஷம்தான். கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் போனையும் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அறிமுகம் செய்துவைத்து, ஒரு படத்தை அவர்கள் கையாலேயே அனுப்ப வையுங்கள். நீங்கள் செய்து காட்டாதீர்கள், அவர்கள் செய்யட்டும். தப்பாக அழுத்தினால் அழுத்தட்டும்.

என் வயது நண்பர்களுக்கு: இன்றைக்கே உங்கள் மின்னஞ்சலில் உங்களுக்கு நீங்களே அனுப்பியவற்றைத் தேடிப் பாருங்கள். எனக்கு அழித்து முடிக்க இரண்டு மாலை ஆயிற்று. வேண்டியவற்றை லேப்டாப்பில் ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டேன். மற்றவை போயின. அன்று இரவு மனைவியிடம் சொன்னபோது, "இனிமே என் ரிப்போர்ட்டை அந்தக் கடைக்கு அனுப்பாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.